டயரின் பிறந்த வாரம்

(சக்கரத்தடி: வாசகர் கேள்வி-பதில். இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டிவிட்டு, இப்போது திருநெல்வேலிப் பேட்டையில் டயர் ரீட்ரேடிங் (தேய்ந்த டயருக்குப் புது மேல்ரப்பர் போடுவது) பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய டயரைப் பற்றியவை.)

அண்ணாச்சி, ஆறு சக்கர லாரி ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றலாம் என்று எண்ணம். டயர்களில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) முக்கால்வாசி இருக்கிறது. ஆனால் பக்கச் சுவரில் தலைமுடிபோல் கோடுகள் ஓடுகின்றன. 'அது வெயில் கோடு, ஒன்றும் செய்யாது' என்கிறார் விற்றவர். இதை நம்பிப் புளியரை மேடு ஏறலாமா?
- பாவூர்சத்திரம் வாசகர்

ஏறுவதைப் பற்றி என்ன கவலை தம்பி? ஏறும்போது வண்டி நடந்துதான் போகும். சித்திரை மாதத்து மத்தியானம், முழுப் பாரத்தோடு சமவெளி ரோட்டில் அறுபதில் போகும்போது அந்தக் கோடு என்ன செய்யும் என்று கேளுங்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பதில்.

2009-இல் நானும் உங்களைப்போல ஒரு வண்டி வாங்கினேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கில் நாலு வருடமாக ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால், பாதி வேப்பமர நிழலிலும் பாதி வெயிலிலும் நின்ற வண்டி. டயரைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. பட்டன் அவ்வளவு ஆழம். கறுப்பு மை வேறு தடவி வைத்திருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது. அம்பாசமுத்திரத்தில் அரிசி மூட்டை ஏற்றி மூன்றாவது நடை. ஆலங்குளத்தைத் தாண்டியதும் முன் இடது டயர் வெடித்தது. ஸ்டீயரிங் என் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. ரோட்டோர உடைமரங்கள் இரண்டைச் சாய்த்துவிட்டு வண்டி நின்றது. கிளீனர் பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு நெற்றியில் நாலு தையல். எதிரே பஸ் வராதது குலசாமி புண்ணியம்.

மறுநாள் கிழிந்த டயரை உருட்டிக்கொண்டு போய் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் பட்டனைப் பார்க்கவே இல்லை. ஈரத் துணியால் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டு, '1401' என்று வாசித்தார். 2001-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. எட்டு வயது. நான் அந்த எண்ணை ஏதோ அச்சு எண் என்று அதுவரை நினைத்திருந்தேன். பதினைந்து வருடம் ஓட்டிய டிரைவர் நான்!

ஆகவே குனியுங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கி எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசியில், பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள், நான்கு எண்கள். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். குற்றாலத்தில் சாரல் எட்டிப்பார்க்கும் நாளில் பிறந்த டயர். மூன்றே எண்கள் இருந்தால் அது 2000-க்கு முன்னால் செய்தது. அப்படி ஒன்று கிடைத்தால் மரத்தில் கயிறு கட்டி ஊஞ்சல் போடுங்கள், பிள்ளைகள் ஆடட்டும்.

ஒரு பக்கம் தேடியும் எண் இல்லையென்றால் ஏமாந்துவிடாதீர்கள். பல டயர்களில் தேதி ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் காணோமென்றால் டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின்னால் ஜோடி டயரில் அந்தப் பக்கம் இரண்டு டயருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால் கழற்றினால்தான் தெரியும். கழற்றுங்கள். பழைய வண்டி வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறோம், டயரை மட்டும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

கோடு ஏன் விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் காய்ந்து வெடிக்காமல் இருக்க, செய்யும்போதே மெழுகும் காப்பு மருந்துகளும் கலக்கிறார்கள். டயர் ஓடி வளைந்து நெளியும்போது அவை உள்ளிருந்து மேலே கசிந்து, காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரை அரிக்காமல் ஒரு மேல்பூச்சாக நிற்கும். நாள்பட்ட டயர் கொஞ்சம் செம்மண் நிறம் தட்டுவது இந்தக் கசிவினால்தான். அது அழுக்கு இல்லை, தேய்த்துக் கழுவ வேண்டாம். வண்டி ஒரே இடத்தில் நின்றால் நெளிவு இல்லை, கசிவும் குறைவு. வெயில் ஒரு பக்கம், ஓசோன் ஒரு பக்கம் என்று மேல்தோல் காய்ந்து பிளக்கிறது. நாலு வருடம் நின்ற டயர் ஓய்வெடுத்தது என்று நினைக்காதீர்கள், நோய்ப்படுக்கையில் கிடந்திருக்கிறது.

உங்கள் டயரில் மையைத் துடைத்துவிட்டுக் கோட்டில் நகத்தை வைத்துப் பாருங்கள். மேலோடு நின்றால் எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம். நகம் இறங்கினாலோ, உள்ளே நூலோ கம்பியோ தெரிந்தாலோ, எங்காவது கொழுக்கட்டைபோல் புடைத்திருந்தாலோ பேச்சே கிடையாது, கழற்றிவிடுங்கள். டயர் நிறுவனங்கள் பலவும் சொல்வது, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் நிபுணரிடம் காட்ட வேண்டும், பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும் என்று. பாரவண்டிக்கும் நம் ஊர் வெயிலுக்கும் நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். முன் டயர் ஆறு வயதைத் தொட்டால் என் வண்டியில் அதற்கு இடமில்லை.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்கிறேன், அண்ணாச்சி. கடைகளுக்குப் போட ஒரு குட்டி யானை வண்டி வைத்திருக்கிறேன். தினம் இருபது கிலோமீட்டர்தான் ஓடும். ஏழு வருடம் ஆகியும் டயர் நன்றாக இருக்கிறது. டிரைவர் தம்பி நாலையும் மாற்றச் சொல்லி நச்சரிக்கிறான். டயர் கடையில் அவனுக்குக் கமிஷன் இருக்குமோ என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள்.
- கல்லிடைக்குறிச்சி வாசகி

கமிஷன் இருக்கிறதோ இல்லையோ தங்கச்சி, பையன் சொல்வது சரி. குறைவாக ஓடும் வண்டிகளில்தான் இந்தச் சிக்கல். நெடுந்தூர லாரிக்கு டயர் தேய்ந்து போய்விடும், வயதாக நேரமிருக்காது. உங்கள் வண்டி மாதிரி, பள்ளிக்கூட வேன் மாதிரி, அறுவடைக்கு மட்டும் வெளியே எடுக்கும் டிராக்டர் டிரெய்லர் மாதிரி உள்ளவற்றில் பட்டன் அப்படியே இருக்கும், உடம்பு கிழடு தட்டிவிடும். அப்பளம் எடை குறைவு என்பது உங்களுக்கு ஒரு தெம்பு. ஆனால் அதே வண்டியில் உளுந்து மூட்டையும் ஏற்றுவீர்கள்தானே?

சந்தேகம் தீர ஒரு வழி சொல்கிறேன். நீங்களே போய் நான்கு டயரின் எண்ணையும், ஸ்டெப்னியின் எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியை மறக்க வேண்டாம், அது வண்டி வாங்கிய நாளிலிருந்து அடியில் தொங்கிக்கொண்டு வயதாகிக் கொண்டிருக்கிறது. அந்தத் தாளோடு டிரைவருக்குத் தெரியாத ஒரு கடையில் விலை கேளுங்கள். அளவு டயரிலேயே இருக்கும். உங்கள் வண்டிக்குப் பெரும்பாலும் 145 ஆர் 12, எட்டு பிளை. கார் டயர் மலிவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிளை என்பது டயர் தாங்கும் பாரத்தின் கணக்கு. புது டயர் கொடுக்கும்போதும் எண்ணைப் பாருங்கள். கடை நிழலில் ஒரு வருடம் இருந்த டயரை நான் மறுக்கமாட்டேன். மூன்று வருடம் கிடந்தது என்றால் முழு விலை கொடுக்கவும்மாட்டேன்.

வாங்கி மாட்டும்போது தேதி இருக்கும் பக்கத்தை வெளியே வைத்து மாட்டச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள்: எந்த டயர், எந்த எண், எந்தத் தேதி மாட்டியது, எத்தனை கிலோமீட்டரில். கமிஷன் அடிக்கிற டிரைவர் இப்படி நச்சரிக்கமாட்டான் தங்கச்சி. அவன் டயர் வெடிக்கும்வரை காத்திருந்து, அவசரத்தில் நீங்கள் விலை கேட்காத நேரத்தில் வாங்குவான்.

ராதாபுரம் பக்கம் கல்குவாரியில் டிப்பர் ஓடுகிறது. டயர் 10.00-20 அளவு. பின்னால் உள் டயர் மட்டும் அடிக்கடி போகிறது. வெளி டயர் நன்றாக உழைக்கிறது. என்ன காரணம்?

உள் டயர் மாமியார் வீட்டில் நடுவில் அகப்பட்ட மருமகள். ஒரு பக்கம் பிரேக் டிரம்மின் சூடு, மறுபக்கம் காற்றோட்டத்தை மறைக்கும் வெளி டயர். ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால் பாரமும் அதன் மேல் கொஞ்சம் கூடுதலாக விழும். இத்தனைக்கும் மேல், வால்வு கைக்கு எட்டவில்லை என்று யாரும் காற்றுப் பார்ப்பதில்லை. வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் வாங்கிப் போடுங்கள். முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

இரண்டாவது, ஜோடி பொருந்த வேண்டும். புது டயரும் தேய்ந்த டயரும் சேர்த்துப் போட்டால் நுகத்தடியில் காளையையும் கன்றையும் பூட்டின மாதிரி. இரண்டும் ஒரே அச்சில் ஒரே சுற்றுச் சுற்றியாக வேண்டும். சிறியது தரையில் இழுபட்டுத் தேயும், பெரியது பாரத்தைத் தனியாகச் சுமந்து சூடேறும். உங்கள் 10.00-20 அளவுக்கு இரண்டின் குறுக்களவிலும் 12 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. தையல்காரர் டேப்பால் சுற்றளவு எடுத்தால் வித்தியாசம் 38 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. அதற்குள் வித்தியாசம் இருந்தால், சிறியதை உள்ளே, பெரியதை வெளியே போடுங்கள். நைலான் டயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது.

மூன்றாவது உங்கள் தொழிலுக்கே உரியது. ஜல்லி இரண்டு டயருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டின் கன்னத்தையும், அதாவது பக்கச் சுவரையும், அறுக்கும். குவாரியைவிட்டு வெளியே வந்ததும் வண்டியை நிறுத்தி, கடப்பாரையால் கல்லைத் தட்டி எடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். டிரைவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

முன் டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டையாகிறது. டயர் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டானா? (ஆலங்குளம்)

இல்லை, உங்கள் வண்டி கடிதம் எழுதியிருக்கிறது. ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட்டோ கிங் பின்னோ (முன் சக்கரம் திரும்பும் முளை) சரியில்லை. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே பணியாரக் குழிபோல் விழுந்தால் ஷாக் அப்சார்பர், பேரிங், பேலன்ஸ் இவற்றைப் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே ஓரத்தில் மொட்டையாகும்.

எவ்வளவு தேய்ந்தால் கழற்ற வேண்டும்? முன்னால் ரீட்ரேடிங் டயர் போடலாமா? (வள்ளியூர்)

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 94-ஆவது விதி இதைத்தான் பேசுகிறது. லாரிக்குப் பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயரின் தோளில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு திண்டு. பட்டன் தேய்ந்து அந்தத் திண்டோடு சமமானால் டயர் முடிந்தது. அளக்கக் கருவி இல்லையா, ஒரு தென்னை ஈர்க்கைப் பள்ளத்தில் குத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் கிள்ளி, பிள்ளையின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்தாமல் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் பாருங்கள்.

1.6 சட்டத்தின் கணக்கு. ஐப்பசி மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அதைப் பிதுக்கி வெளியே தள்ளப் பள்ளம் வேண்டும். நான் முன் டயரை நாலு மில்லிமீட்டரிலேயே கழற்றிப் பின்னால் கொண்டுபோய்விடுவேன். பின்னால் மூன்றுக்கு வந்ததும் ரீட்ரேடிங்குக்கு. கம்பி தெரியும்வரை ஓட்டிவிட்டு எடுத்து வருகிறார்கள்; அதை வைத்து நான் என்ன செய்ய? உடம்பு கெட்ட பிறகு சட்டை மாற்றி என்ன பயன்?

முன்னால் ரீட்ரேடிங் வேண்டாம். அந்தத் தொழிலில் சோறு தின்கிறவனே சொல்கிறேன். பின்னால் ஒன்று போனால் பக்கத்து டயர் தாங்கும். முன்னால் தாங்க ஆள் இல்லை. இன்னொன்று, ரீட்ரேடிங் செய்தால் வயது குறையாது. நரைக்கு மை தடவினால் பென்ஷன் நின்றுவிடுமா? பழைய நான்கு எண் அப்படியே இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வருடத்தைத் தாண்டிய டயரைப் பெரும்பாலும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். 'பக்கத்துப் பட்டறையில் செய்து தருகிறார்களே' என்பார்கள். செய்து தருவார்கள்.

பழைய டயர் கடையில் ஆழமான பட்டனோடு ஒரு டயர் பாதி விலைக்குக் கிடைத்தது. நண்பர் அது 'கீறிய டயர்' என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

திண்டைத் தேடுங்கள். மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் கீறும்போது திண்டும் சேர்ந்து போய்விடும். தோளில் முக்கோணம் இருந்து, நேரே பள்ளத்தில் திண்டு இல்லையென்றால் உங்கள் நண்பர் சொன்னது சரி. பள்ளத்தின் அடி வழவழப்பாக இல்லாமல் பிசிறடித்திருக்கும். சில லாரி டயர்களில் மறுபடி கீறலாம் என்று செய்தவர்களே கன்னத்தில் அச்சிட்டு, அதற்கென்று அடியில் ரப்பர் கூடுதலாக வைத்திருப்பார்கள், அது வேறு. மற்றதில் கீறினால் பெல்ட்டுக்கு (பட்டனுக்கு அடியில் உள்ள கம்பி அடுக்கு) மேல் காகித கனம்தான் மிஞ்சும். திருப்பிக் கொடுங்கள். வாங்கமாட்டேன் என்றால் காசு போனதாக நினைத்து அதை வெட்டிப்போடுங்கள், இன்னொருவருக்கு விற்றுவிடாதீர்கள்.

இதே ஜாதியில் இன்னொரு கூத்து, எப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) இரவல் டயர். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும் ஒரு நாளைக்கு நல்ல டயரை மாட்டிக் கொண்டுபோய், சாயங்காலம் கழற்றி மொட்டையைப் போட்டுக்கொள்வது. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடம் ஒரு முறை எப்.சி. என்பதால் சிலர் வருடா வருடம் இந்த நாடகத்தை நடத்துகிறார்கள். என் பட்டறைக்கும் கேட்டு வந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சேரன்மகாதேவி ரோட்டில் பஞ்சர் கடையில் வேலை பார்க்கிறேன். வயது பத்தொன்பது. லாரி டயருக்குக் காற்று அடிக்கும்போது லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம்) தெறித்து ஆள் செத்ததாகச் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை. என் கண்ணால் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை. நீ கேட்டதற்கு நூறு வயது இரு, தம்பி.

நட்டைத் தொடும் முன் காற்றை இறக்கு. வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றி முழுவதும் இறக்கு. ஜோடி டயர் என்றால் இரண்டிலும். வெளி டயரைக் கழற்றும்போது உள்ளே வெடித்த டயர் எப்படி நிற்கிறது என்று உனக்குத் தெரியாது. துருப்பிடித்த ரிங், வளைந்த ரிங், சம்மட்டி பட்டு விரிந்த ரிங் எதையும் திரும்ப மாட்டாதே. முதலாளி 'இந்த ஒரு தடவை' என்பார். நீ மாட்டாதே. காற்று ஏறும்போது கூண்டுக்குள் வைக்க வேண்டும். கூண்டு இல்லாத கடையில் குறைந்தது கனமான சங்கிலியால் ரிங்கோடு சேர்த்துக் கட்டு, நீளமான ஓஸ் போட்டுத் தள்ளி நில், ரிங்குக்கு எதிரே நிற்காதே. ரிங் சரியாக உட்காரவில்லை என்று காற்று இருக்கும்போது சுத்தியலால் தட்டுவதுதான் பலருக்கும் கடைசித் தட்டாக ஆகியிருக்கிறது.

கம்பி ரேடியல் டயரில் இன்னோர் ஆபத்து. காற்றுக் குறைந்து ஓடிய டயரில் கன்னத்துக் கம்பிகள் உள்ளுக்குள் முறிந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி காற்று ஏற்றும்போது கன்னம் ஜிப் கழன்றதுபோல் ஒரே கோடாகக் கிழியும். சொன்ன அளவில் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே இறங்கி ஓடியிருந்தால், அதாவது 110 பவுண்டு டயர் 88-க்குக் கீழே ஓடியிருந்தால், கழற்றி உள்ளே பார்க்காமல் காற்று அடிக்காதே. டிரைவர் அவசரப்படுத்துவார், நானும் அந்தக் காலத்தில் அவசரப்படுத்தியவன்தான்.

ஆயுத பூஜைக்கு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதை மூடநம்பிக்கை என்று என் மகன் சொல்கிறான். (முக்கூடல்)

வையுங்கள், நானும் வைக்கிறேன். பழம் வைக்கக் குனியும்போது மகனையும் கூடக் குனியச் சொல்லி நான்கு எண்ணையும் வாசிக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் இப்போது அதற்கும் ஒரு தட்டு சூடம் காட்டுகிறோம்.

லிவரால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்றைச் சொல்லிவிடுவேன். கேஜ் எதற்கு? (களக்காடு, வாழைத்தார் லாரி டிரைவர்)

காற்றே இல்லாத டயரைத் தட்டிக் கண்டுபிடிப்பீர்கள். 110-க்கும் 85-க்கும் உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரியாது அண்ணே, எனக்கும் தெரியாது. நான் பட்டறையில் பந்தயம் கட்டி மூன்று முறை தோற்றிருக்கிறேன். காலையில் வண்டி எடுக்கும் முன் அளவு பாருங்கள். ஓடிச் சூடான டயரில் பவுண்டு கூடுதலாகக் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறினதும் குறைந்துபோய் நிற்கும்.

நைட்ரஜன் காற்று நல்லதா? (மேலப்பாளையம்)

நாம் மூச்சுவிடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மிச்சத்தையும் நிரப்பினால் ஈரம் இருக்காது, கசிவு கொஞ்சம் குறையும். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்டால் அந்தக் காசுக்குக் கேஜ் வாங்குங்கள்.